மூடி போட்ட புதுப் பக்கெட்

இனி அந்தக் காலேஜே வேண்டாம் என்று ஹாஸ்டலைக் காலி செய்துவிட்டு இன்று ஏற்காடு பஸ் ஏறினேன்.

சேர்ந்த நாளிலிருந்து மெஸ்ஸில் தனியாகத்தான் சாப்பாடு. வகுப்பே சிரிக்கும்போது, எதற்கென்று புரியாமல் நானும் சிரித்தேன். நேற்று அதுவும் முடியாமல் பாத்ரூமில் உட்கார்ந்து அழுதேன்.

பக்கத்து சீட்டில் எங்கள் நாகலூர்க் கடைக்கார பாய். ஹாஸ்டலுக்கென்று அவர் கடையில் வாங்கிய பக்கெட் என் மடியில்.

"ஏன் கண்ணு, பக்கெட்டையும் தூக்கிட்டு வர்றே?"

அப்பாவுக்கே இன்னும் தெரியாது. இவரிடம் எப்படிச் சொல்வது?

"ஓட்டைங்க பாய்" என்று வாய்க்கு வந்ததைச் சொன்னேன்.

அவர் முகம் சுருங்கிவிட்டது. "நம்ம கடைச் சாமான் ஓட்டையா? நொம்ப சங்கடமா இருக்கு சாமி."

ஊரில் இறங்கியதும் கடையைத் திறந்தார். பழையதை வாங்கி வைத்துக்கொண்டு, மூடி போட்ட புதுப் பக்கெட்டைக் கையில் கொடுத்தார். "திங்கக்கெழம காலேஜுக்கு இதக் கொண்டுட்டுப் போ கண்ணு. எங்க ஒழுகுதுன்னு தண்ணி ஊத்திப் பாத்துட்டு, உங்கப்பாகிட்டயும் நானே சொல்லிடறேன்."

இப்போது வீட்டு வாசலில் நிற்கிறேன். அந்தப் பழைய பக்கெட்டில் ஒரு சொட்டுகூட ஒழுகாது.

அவர் தண்ணீர் ஊற்றுவதற்குள் அப்பாவிடம் சொல்லியாக வேண்டும். எப்படி ஆரம்பிப்பது, யாராவது சொல்லுங்களேன்.