ஊசிக்காரி

முகாம் வாசலில் ஜெமெலியின் மெத்தை வந்து விழுந்தது. அதன் மேல் அவளுடைய ஓட்டக் காலணிகள் இரண்டு ஜோடி, ஒரு வாளி, ஒரு கம்பளி. கடைசியாகக் கோச் தாலாம் வெளியே வந்தார். செத்த எலியைத் தூக்குவதுபோல இரண்டு விரல்களால் ஓர் ஊசியைத் தூக்கிப் பிடித்திருந்தார்.

“இதுதானா உன் வேகம்? நான் குடுத்த பயிற்சின்னு ஊரெல்லாம் பெருமையடிச்சுக்கிட்டுத் திரிஞ்சேனே!”

காலை ஓட்டம் முடிந்து பதினெட்டுப் பேர் வியர்வை காயாமல் நின்றிருந்தார்கள்.

“அது சக்கர வியாதிக்கு, கோச்.”

“மாட்டிக்கிட்டா எல்லாருக்கும் ஒரு வியாதி வந்துரும்.”

யாரோ சிரித்தார்கள். ஓட்டக்காரர்களின் ஊரான ஈட்டெனில் ஊசிக்கு ஒரே அர்த்தம்தான். ஊக்கமருந்து ஊசி போட்டு ஓடியவர்கள், தடை வாங்கியவர்கள், பாதியில் நின்ற அவர்களுடைய கல்வீடுகள், எல்லாவற்றையும் ஊர் பார்த்திருக்கிறது. சாயங்காலத்துக்குள் டீக்கடைவரை பெயர் போய்ச் சேர்ந்துவிட்டது: ஊசிக்காரி.

தப்பு அவளிடமும் இருந்தது. மறைத்துவிட்டாள். இரண்டு வருடங்களுக்கு முன்னால், இருபத்தைந்தாவது வயதில், குடம் குடமாகத் தண்ணீர் குடித்தும் தாகம் அடங்காமல் உடம்பு கரையத் தொடங்கியது. வேறு ஊராக இருந்தால் யாராவது பதறியிருப்பார்கள். இங்கே இளைத்தால் பாராட்டு. “இப்பத்தான் ஓட்டக்காரி மாதிரி இருக்க” என்று தட்டிக்கொடுத்தார் கோச். எலும்பு தெரிந்த அவள் தோளைப் பார்த்து மற்ற பெண்கள் பொறாமைப்பட்டார்கள். செத்துக்கொண்டிருந்தவளை எல்லோரும் வாழ்த்திக்கொண்டிருந்தார்கள். எல்டொரெட் ஆஸ்பத்திரியில் மயக்கம் தெளிந்தபோதுதான் தன் ரத்தத்தில் சர்க்கரை ஏறிக் கிடப்பதே அவளுக்குத் தெரிந்தது. இன்சுலின் இல்லாமல் இனி ஒரு நாளும் இல்லை. நோயாளி என்று தெரிந்தால் முகாமில் இடமில்லை என்று பயந்து வாயை மூடிக்கொண்டாள்.

ஆனால் ஒருத்திக்குத் தெரியும். மூன்று வருடங்களாக ஒரே அறையில் படுத்த சேசாங். ஒருமுறை ஜெமெலி நடுங்கி உட்கார்ந்தபோது டீயில் நான்கு கரண்டி சர்க்கரை கொட்டிக் கலக்கி வாயில் ஊற்றியவளே அவள்தான். இன்சுலின் குப்பியில் என்ன எழுதியிருக்கிறது என்று எழுத்துக்கூட்டிப் படித்தவளும் அவள்தான். மாவட்ட அணிக்கு நான்கு பேர் போகலாம். போன வருடம் ஜெமெலி மூன்றாவது, சேசாங் ஐந்தாவது. மெத்தைக்கு அடியில் கை விட்டுத் தேடக் கோச்சுக்கு வழி சொன்னது யார் என்று ஜெமெலி யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

தம்பி பிவோட் வீட்டில் மெத்தையை விரித்தாள். பைக்கில் ஆட்களை ஏற்றிப் பிழைப்பவன் அவன். காலையில் முதல் சவாரிக்கு முன்னால் அக்காவுக்குப் பின்னால் வண்டியை உருட்டிக்கொண்டு போவான், டேங்கின் மேல் ஓர் இனிப்புச் சோடா பாட்டிலோடு. இந்த ஊரில் எல்லோரும் வெறும் வயிற்றில் ஓடுவார்கள். டீகூட ஓடி முடித்த பிறகுதான். அவள் ஓடுவதற்கு முன்னால் முந்தின நாள் சோளக்களியான உகாலியைப் பிட்டுத் தின்றாள், விரலைக் குத்திப் பார்த்தாள், மருந்தைக் குறைத்துப் போட்டாள். நிதானமான ஓட்டத்தில் சர்க்கரை மெதுவாக இறங்கும். வெட்டி வெட்டி வேகமெடுத்தால் முதலில் ஏறும், பிறகு காலடி மண் சரிந்ததுபோல விழும். இங்கத்திய அளவில் ஐந்து என்றால் சரியான சர்க்கரை, நான்குக்குக் கீழே போனால் ஆபத்து. இதையெல்லாம் விழுந்து விழுந்துதான் கற்றுக்கொண்டாள்.

இன்சுலினும் தடைப் பட்டியலில் உள்ள மருந்து என்பதால் மருத்துவர் விண்ணப்பம் எழுதி, மூன்று மாதம் கழித்து அனுமதிக் காகிதம் வந்தது: இவள் இன்சுலின் போட்டுக்கொண்டு போட்டியில் ஓடலாம்.

“கொண்டுபோய்க் கோச் மூஞ்சில காட்டுக்கா.”

“காட்டுனா? ‘சரி’ம்பாரு. அவரு சரின்னு சொல்றதுக்கா நான் ஓடுறேன்?”

“பின்ன எதுக்கு?”

“சேசாங்குக்கு.”

காகிதத்தைத் தேர்வுக் குழுவிடம் மட்டும் கொடுத்துவிட்டு வந்தாள்.

அன்று முதல் அவள் பயிற்சி செய்தது ஜெயிப்பதற்கு அல்ல. சேசாங் கடிகாரம்போல ஓடுபவள். ஒரே சீரான மூச்சு, ஒரே அளவான காலடி. அந்தக் கடிகாரத்தை யாராவது உலுக்கினால் விட்டுக்கொடுக்க மாட்டாள். வீம்புக்குத் துரத்துவாள், துரத்தி உடைவாள். அந்த மூச்சை மூன்று வருடம் பக்கத்துக் கட்டிலில் கேட்டவளுக்கு அது எங்கே உடையும் என்று தெரியும். நூறு காலடி வேகம், நூறு காலடி நிதானம் என்று செம்மண் சாலையில் வெட்டி வெட்டி ஓடினாள். அவள் உடம்புக்கு ஆகவே ஆகாத ஓட்டம் அது.

மாவட்ட அணித் தேர்வு நாள். புல்வெளியில் ஐந்து சுற்று, பத்து கிலோமீட்டர். இடுப்புப் பையில் ஆறு குளுக்கோஸ் வில்லைகள். மூன்றாவது சுற்று முடிந்தபோது இருவர் எட்டாத தூரத்தில் முன்னால் போய்விட்டார்கள். அடுத்து ஜெமெலியும் சேசாங்கும் தோளோடு தோள். பின்னால் வந்த கூட்டம் நூறு மீட்டருக்கு அப்பால். அப்படியே ஓடி முடித்தால் போதும், இரண்டு பேருக்கும் அணியில் இடம்.

“என்னடி, ஊசி போட்டுக்கிட்டு வந்தியா?” என்றாள் சேசாங், மூச்சு இரைக்காமல்.

“போட்டேன். உனக்கும் சேத்து.”

ஜெமெலி பாய்ந்தாள். சேசாங் துரத்தி வந்து ஒட்டிக்கொண்டாள். ஜெமெலி தளர்ந்தாள், மறுபடி பாய்ந்தாள். நான்காவது சுற்று முழுவதும் இப்படியே. ஆறாவது முறை, பக்கத்தில் அந்தச் சீரான மூச்சு நடுவில் ஒரு தடவை விக்கியது. அந்தச் சத்தத்துக்காக அவள் ஐந்து மாதம் காத்திருந்தாள்.

அதற்குள் வில்லைகள் தீர்ந்திருந்தன. உதடு மரத்தது, புல் வெள்ளையாகத் தெரிந்தது. கயிற்றுக்கு வெளியே பிவோட் திறந்த சோடாவோடு கூடவே ஓடினான். கொடுத்தால் வெளி உதவி என்று அவளை நீக்கிவிடுவார்கள். “நிறுத்துக்கா! இடம் கெடச்சாச்சு, நிதானமாப் போ!” என்று கத்தினான். அவள் இன்னொரு முறை பாய்ந்தாள். இந்த முறை சேசாங் வரவில்லை.

கடைசிச் சுற்றில் பின்னாலிருந்து ஒரு சின்னப் பெண் வந்து இரண்டு பேரையும் தாண்டிப் போனாள். ஜெமெலி நான்காவது. கோட்டைத் தாண்டியதும் புல்லில் சரிந்தாள். நர்ஸ் விரலைக் குத்திப் பார்த்தபோது இரண்டு புள்ளி ஒன்று. பிவோட் அவள் தலையை மடியில் வைத்துச் சோடாவை ஊற்றினான், பாதி கழுத்தில் வழிந்தது.

“செத்திருந்தா என்னக்கா பண்ணிருப்ப?”

“அவ எத்தனாவது?”

“அஞ்சாவது. சனியனே, நான் என்ன கேக்குறேன்!”

“அதைக் கேட்டுட்டுச் செத்திருப்பேன்.”

மூன்று நாள் கழித்துக் கோச் தாலாம் தம்பி வீட்டு வாசலுக்கு வந்தார். மாவட்ட அணி அவர் பொறுப்பில் இருந்தது. அனுமதிக் காகிதத்தைப் பார்த்த குழு, ஜெமெலி சமாதானமாகிக் கையெழுத்துப் போட்டால்தான் பொறுப்பு அவரிடம் நீடிக்கும் என்று சொல்லிவிட்டது. அவள் கையெழுத்துக்கு இடம் விட்டு, மன்னிப்புக் கடிதம் ஒன்றை மடித்துக் கொண்டுவந்திருந்தார்.

“படிச்சுப் பாரும்மா. நல்லாவே எழுதிருக்கேன்.”

“என்னை லெட்டர் எழுதியா தொரத்துனீங்க, கோச்? ஊரு காதால கேட்டுச்சு. காதாலயே கேக்கட்டும். வியாழக்கிழமை வாங்க.”

வியாழக்கிழமைகளில் மண்சாலை முக்கில் எல்லா முகாம்களும் கூடி ஓடும். யார் வேண்டுமானாலும் சேரலாம். அன்று இருநூறு பேருக்கு மேல் இருந்தார்கள். கோச் ஒரு கல்லின் மேல் ஏறினார்.

“ஜெமெலி போட்டது இன்சுலின். வைத்தியம். நான் விசாரிக்காம பேசிட்டேன்.”

“பின்னால நிக்கிறவங்களுக்குக் கேக்கல, கோச்.”

அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு மறுபடி சொன்னார்.

“மெத்தைக்கு அடியில ஊசி இருக்குன்னு உங்களுக்கு யாரு சொன்னா?”

கோச் அவளைப் பார்த்தார். அதைக் கேட்பாள் என்று அவர் நினைத்திருக்கவில்லை. ஜெமெலி கையெழுத்துப் போடாத காகிதத்தை நெஞ்சோடு பிடித்துக்கொண்டு நின்றாள்.

“சேசாங்” என்றார், மெல்ல.

முன்வரிசையில் நின்ற சேசாங் குனிந்து, கட்டியிருந்த காலணி நாடாவை அவிழ்த்துத் திரும்பக் கட்டத் தொடங்கினாள்.

“போதும்க்கா” என்று பிவோட் அக்காவின் முழங்கையைத் தொட்டான்.

“குளிருது, கெளம்பலாம்ப்பா” என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல் வந்தது.

ஜெமெலி தம்பியின் கையை விலக்கினாள்.

“இன்னொரு தடவ, கோச். அவளுக்கு அது மருந்துன்னு தெரியும்கிறதையும் சேத்துச் சொல்லுங்க.”