மூலையில் ஒரு நான்கு

எங்கள் ஆஸ்பத்திரி சலவைக்கூடத்தில் அவளுக்குக் கஞ்சியக்கா என்று பெயர். வைத்தவள் நான்தான். சிரிக்க மாட்டாள், யாரிடமும் ஒரு வாய்ப் பேச்சு வைத்துக்கொள்ள மாட்டாள், கஞ்சி போட்டு இஸ்திரி செய்த சட்டை மாதிரி விறைப்பாக நிற்பாள். படுக்கை விரிப்பை மடிக்க இரண்டு பேர் வேண்டும். பதினோரு வருஷமாக மறுமுனையைப் பிடிக்கும் பாக்கியம் எனக்குத்தான் வாய்த்திருக்கிறது.

எனக்கு முன்னால் அதைப் பிடித்தவன் அவளுடைய தம்பி. அவளுக்கு நேரெதிர், ஓயாத வாயாடி என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். நிலநடுக்கத்தில் நாடே இடிந்து கிடந்த நாட்களில் லாரி லாரியாகப் புது விரிப்புகள் வந்து இறங்கின. ஒவ்வொன்றிலும் வார்டு எண்ணை அழியாத மையால் எழுத வேண்டும். வலது மூலையில், வெளிப்பக்கம். அவன் மூன்று நாள் கண்மூடாமல் எழுதியிருக்கிறான். அந்த அசதியில் நாலாம் வார்டு விரிப்புகள் அத்தனையிலும் உள்பக்கமாக எழுதித் தொலைத்தான். மடித்தால் எண் தெரியாது, மறுபடி பிரித்துத்தான் பார்க்க வேண்டும். வேலைக்குச் சேர்ந்த புதிதில், "எந்தப் புண்ணியவான் எழுதினது இது?" என்று அவள் காதுபடவே திட்டித் தீர்த்திருக்கிறேன். அவள் பாட்டுக்கு விரிப்பை மறுபடி மடித்து வைப்பாள்.

இடிபாட்டுக்குத் தப்பியவன் அதன் பின்னால் பரவிய காய்ச்சலுக்குத் தப்பவில்லை. வார்டில் இடமில்லாமல், தான் எண் போட்ட விரிப்பிலேயே நடைவழியில் கிடந்து, நிலநடுக்கம் வந்த பத்தொன்பதாம் நாள் போய்ச் சேர்ந்தான். நிலநடுக்கத்தில் இறந்தவர்கள் பட்டியலைப் பதினாலாம் நாளே மூடிவிட்டார்கள்.

அந்தப் பட்டியலைக் கல்லில் செதுக்கி ஆஸ்பத்திரி வாசலில் சுவராக நிறுத்தியிருக்கிறார்கள். ஒவ்வொரு வருஷமும் நிலநடுக்கம் வந்த நாளில் எல்லோரும் கூடி, தங்கள் ஆளின் பெயரைத் தொட்டு அழுவார்கள். கஞ்சியக்கா மட்டும் உள்ளே மெஷின் ஓட்டிக்கொண்டிருப்பாள். கல்நெஞ்சுக்காரி என்று பேசிக்கொண்டார்கள். நானும்தான் பேசினேன், மறைப்பானேன். ஒருமுறை நேராகவே கேட்டுவிட்டேன்.

"எல்லாரும் வாசல்ல நிக்கிறாங்க. நீங்க ஏங்க்கா வரல?"

"என் தம்பி செத்தது வேற சாவாம். காய்ச்சல் சாவு. அங்க வந்து நான் எந்தப் பேரத் தொடறது?"

அதன்பிறகுதான் அவளைக் கவனிக்க ஆரம்பித்தேன். கிழிந்த விரிப்புகளைத் துண்டு போட்டுத் தரை துடைக்க அனுப்புவது எங்கள் வழக்கம். வருஷம் ஏற ஏறத் தம்பி எழுதியவை குறைந்து, கடைசியில் ஒன்றே ஒன்று மிஞ்சியது. நாலாம் வார்டுத் துணி செவ்வாய்க்கிழமை வரும். அன்றைக்கு அரைமணி முன்னதாகவே வந்து, குவியலுக்குள் கையை விட்டு ஒவ்வொரு மூலையாகப் பிரித்துப் பார்ப்பாள். அந்த உள்பக்க நாலைக் கண்டால்தான் முகம் இளகும். எங்காவது நைந்திருந்தால் சாப்பாட்டு நேரத்தில் உட்கார்ந்து ஒட்டுப்போடுவாள். விரிப்பு எது, ஒட்டு எது என்று சொல்ல முடியாத நிலைக்கு அது வந்துவிட்டது. இது போய்விட்டால் என்ன செய்வாள் என்று எனக்கே கவலையாக இருக்கும்.

போன மாதம் ஒரு செவ்வாய்க்கிழமை அவளுக்குப் பல்வலி; வரத் தாமதமாகிவிட்டது. குவியலைப் பிரித்தது நான். அந்த விரிப்பு நட்டநடுவில் முழ நீளத்துக்குக் கிழிந்து வந்திருந்தது. சூப்பர்வைசர் கண்ணிலும் பட்டுவிட்டது.

"இதக் கழிச்சு விடும்மா" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எனக்கு ஒரு யோசனை வந்தது. எண் இருந்த மூலையை மட்டும் சதுரமாக வெட்டி, துவைத்து, இஸ்திரி போட்டு, ஒரு கவரில் வைத்தேன். மீதியைத் துண்டு போட்டுத் துடைப்பு வாளியில் போட்டேன். பெரிய காரியம் செய்துவிட்ட பெருமை எனக்கு. பத்து மணிக்கு அவள் வந்ததும் கவரை நீட்டினேன்.

"யாரும் கேக்க மாட்டாங்க, வீட்டுக்கு எடுத்துட்டுப் போயிடுங்க. இனிமே பத்திரமா இருக்கும்."

அவள் கவரைப் பிரித்துப் பார்த்தாள்.

"மீதி எங்க?"

"வெட்டியாச்சுக்கா. கிழிஞ்சு தொங்குச்சு."

"ஒரு தையல் போட்டா ஓடியிருக்குமே."

"எழுத்துதானக்கா முக்கியம்?"

"அவன் எழுத்து வீட்டுல ஒரு பை நெறையக் கெடக்கு. அத வச்சு நான் என்ன செய்ய? இது வார்டுக்குப் போச்சு, யாரோ ஒரு நோயாளி படுத்தாங்க, திரும்பி வந்துச்சு. வாரா வாரம் அவன் வேலைக்கு வந்துட்டிருந்தான்டி."

கவரை என் மேசையிலேயே வைத்துவிட்டு, ஈரத் துணிக் குவியல்மேல் உட்கார்ந்து வாய்விட்டு அழுதாள். பதினோரு வருஷத்தில் அவள் அழுது அன்றைக்குத்தான் பார்த்தேன். பக்கத்தில் போகக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. காய்ச்சல் அவனைப் பாதிதான் கொன்றது, மீதியை நான் கொன்றுவிட்டேன் என்று பட்டது. இப்போதும் அப்படித்தான் படுகிறது.