பெண்கள் இருக்கையில் ஒரு கிடார்

இன்று தென்காசியிலிருந்து குற்றாலம் போகும் பஸ்ஸில் நான் நின்றுகொண்டு போனேன். பெண்கள் இருக்கையில் ஒரு கிடார் பெட்டி உட்கார்ந்து வந்தது.

"இதை மடியில வச்சுக்கோங்க" என்றேன்.

"கொழும்புல இருந்து வரவழைச்ச எலெக்ட்ரிக் கிடார் ஆச்சி. அடிபட்டுரக் கூடாது" என்றான் பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதன் சொந்தக்காரன். பெரியவர்களைக் கண்டால் எழுந்திருக்க வேண்டும் என்று கான்வென்டில் எங்களுக்குச் சொல்லித் தந்தார்கள். இவனுக்கு யாரும் சொல்லவில்லை போலும்.

அவன் கூட்டாளி சிரித்தான். "ஏலே, இந்த விலைக்கு ரெண்டு உழவுமாடு வாங்கிருக்கலாம். என் மதராஸ் கிடாரும் அதே பாட்டைத்தான் வாசிக்குது."

"உன்னது விறகுலே. இதைத் தொட்டாலே தனிச் சத்தம்."

"அந்தச் சத்தத்த நீயே இன்னும் கேக்கலியே. சத்தம் பெருக்குற பெட்டி எங்கலே?"

"அது கப்பல்ல வருது. நாளைக்கு மேலகரம் கல்யாண வீட்டு ரேடியோவுல சொருகிக்கிடலாம். பெரிய வால்வு ரேடியோவாம்."

மேலகரத்தில் நாளை நடப்பது என் பேத்தியின் கல்யாணம். கச்சேரிக்குப் பேசியிருந்தது இவர்களைத்தான் என்று அப்போதுதான் தெரிந்தது. ரேடியோ என் கணவர் வாங்கியது. அவர் போன பிறகு அதன் குமிழை என்னைத் தவிர யாரும் திருப்பியதில்லை.

"அது என் ரேடியோ. நாளைக்கு நீங்க ரெண்டு பேரும் வர வேண்டாம்" என்றேன்.

பெட்டி உடனே மடிக்கு ஏறியது. "ஆச்சி, உக்காருங்க, உக்காருங்க" என்றார்கள். நான் உட்காரவில்லை.

கரண்டும் அடுத்தவர் ரேடியோவும் கேட்காத வாத்தியம் வாசிப்பவர் யாரையாவது தெரிந்தால் இன்றிரவுக்குள் சொல்லுங்கள். கிடாரைப் பற்றிய அபிப்பிராயம் போதும், நிறையக் கேட்டுவிட்டேன்.