அப்பா தட்டிய கை

மட்டக்களப்பு வாவிக்கரையில் பிறந்து, சாம்பியாவின் ஒரு கிராமத்தில் நரைத்து, மொன்றியலில் கண்மூடியவர் எங்கள் அப்பா. அவருடைய வாழ்க்கையை ஒழுங்காக எழுதலாமென்று உட்கார்ந்தேன். எங்கே தொடங்கினாலும் அவருடைய கைகளிலேயே வந்து நிற்கிறேன்.

நான் சிறுபிள்ளையாக இருந்தபோதே அப்பா ஆசிரியர் வேலைக்குச் சாம்பியா போய்விட்டார். அவர் அனுப்பியதில்தான் நாங்கள் உண்டதும் படித்ததும். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் தலை இன்னும் கொஞ்சம் வெளுத்திருக்கும். ஊரில் நடந்த கலவரத்துக்குப் பின் நாங்கள் அகதிகளாகக் கனடாவுக்கு வந்து, அவரையும் மொன்றியலை அடுத்த லவாலிலுள்ள எங்கள் வீட்டுக்கு அழைத்துக்கொண்டோம்.

வந்த கொஞ்சக் காலத்திலேயே அப்பா நோயில் விழுந்தார், பேச்சு நின்றது. அதன் பிறகு யார் அறைக்குள் வந்தாலும் உள்ளங்கைகளைக் குவித்து மெதுவாகத் தட்டுவார். தண்ணீர் கொடுத்தாலும் தட்டுவார்.

"என்னையும் இந்த மனிசனுக்குத் தெரியல்ல புள்ள. புத்தி பேதலிச்சிட்டு போல" என்று அம்மா அழுதார். எனக்கும் அப்படித்தான் பட்டது. என் சின்ன மகள் மட்டும் விளையாட்டென்று நினைத்துத் திருப்பித் தட்டுவாள். அப்பா சிரிப்பார்.

இறுதிக் கிரியைக்கு, பக்கத்து ஊரான சென்ட்-ஆன்-டி-பெல்வ்யூவில் விவசாயம் படிக்கும் சாம்பிய இளைஞர் ஒருவர் வந்தார். அப்பாவிடம் படித்தவராம். பெட்டியருகே முழங்காலிட்டு, அதேபோல் மெதுவாகக் கை தட்டினார்.

அம்மாவின் தம்பி, எங்கள் மாமா, எழும்பிவிட்டார். "செத்த ஊட்டில கை தட்டுறான், ஆரு இவன்? வெளிய கொண்டு போங்க."

நான் மறித்து அந்த இளைஞரிடம் விசாரித்தேன். அவர்கள் ஊரில் பெரியவர்களை வணங்குவதும் நன்றி சொல்வதும் அப்படித்தானாம். இளையவர்கள் செப்புச் சுரங்கப் பட்டணங்களுக்குப் போய்விட, முதியவர்களுக்குக் கை தட்ட ஆளில்லாமற் போயிற்றாம். மாலையில் அப்பாதான் வீடுவீடாகப் போய், வாசலில் குந்தியிருந்து தட்டுவாராம். அப்பாவுக்கும் வயதானபோது, அந்தக் கிழவர்கள் அவருக்குத் திருப்பித் தட்டினார்களாம்.

அப்படியானால் அப்பா எங்களுக்கு நன்றி சொன்னாரா? அல்லது எங்களை அந்தக் கிழவர்கள் என்றே எண்ணிக்கொண்டாரா? என்னை மகளென்று தெரிந்துதான் தட்டினாரா? எனக்கு இன்றும் விளங்கவில்லை. அம்மாவைக் கேட்டால், "தெரிஞ்சுதான் தட்டியிருப்பார் புள்ள" என்கிறார். சற்றுப் பொறுத்து, "ஆருக்குத் தெரியும்" என்கிறார்.

மருத்துவமனைக்கு அலைந்தவர்களுக்கும், சோறு சமைத்துக் கொண்டுவந்த அயலவர்களுக்கும், பனியில் பெட்டி சுமந்தவர்களுக்கும், கோபம் ஆறி அந்த இளைஞருக்குத் தேநீர் ஊற்றிக் கொடுத்த மாமாவுக்கும் கைகூப்பி இந்த நன்றிக் குறிப்பை முடிக்கத்தான் நினைத்தோம். அம்மா அது வேண்டாம், அப்பா மாதிரியே செய்வோமென்றார். ஆகவே உள்ளங்கைகளைக் குவித்து, மெதுவாகத் தட்டுகிறோம். கோபிக்காமல் நீங்களும் ஒருமுறை திருப்பித் தட்டுங்கள். இந்த வீட்டில் அப்பாவுக்கு ஒரு குழந்தை மட்டுமே பதில் தட்டியது.