மூடினால் மட்டும் வேலை செய்யும் யன்னல்

எங்கள் வீட்டுக்கு மேலால் போகும் போர் விமானங்கள் மதியத்தில் சாப்பிடப் போய்விடுகின்றன. பகிடிக்குச் சொல்லவில்லை. ஒன்றரை வருடமாகக் கொப்பியில் குறித்து வைத்திருக்கிறேன். பன்னிரண்டரைக்குப் பிறகு ஒரு மணித்தியாலம் வானம் வெறுமை. சனி, ஞாயிறு லீவு. நத்தார்ப் பண்டிகைக்கும் லீவு. ஜெர்மனியின் தென்மேற்கு மூலையில், ஒரு விமானப்படைத் தளத்தின் வேலியிலிருந்து நாலு கிலோமீற்றரில் நாங்கள் இருக்கிறோம். என் தொழிற்சாலை பக்கத்தில் என்று வந்த இடம். தமிழர் நிறைய வாழும் ஹம் நகரத்தில் இருக்கும் எங்கள் சனம் தொலைபேசியில் "உங்கை தமிழ்க்கடை இருக்கோ?" என்று கேட்பார்கள். தமிழ்க்கடை இல்லை, இந்தச் சத்தம் இருக்கிறது.

விமானச் சத்தம் கேட்டதும் என் மனைவி ஜெசிந்தா வீட்டு யன்னல்கள் எல்லாவற்றையும் திறந்துவிடுவாள். தை மாதத்துப் பனியிலும் அப்படித்தான். யாழ்ப்பாணத்தில் குண்டு போடும் பொம்பர் வரும்போது செய்த வேலை அது. யன்னல் பூட்டியிருந்தால் அதிர்வில் கண்ணாடி நொருங்கி ஆட்களின் மேல் கொட்டும். திறந்துவிட்டுத்தான் பங்கருக்குள் ஓடவேண்டும். அப்போது அவளுக்குப் பதினைந்து வயது. சத்தத்தை வைத்தே எது சகடை என்ற சரக்கு விமானம், எது பொம்பர், எந்தப் பக்கம் திரும்புகிறது என்று சொல்லுவாளாம். அவள் "போயிட்டுது" என்று சொல்லும்வரை வீட்டில் ஒருவரும் பங்கரை விட்டு ஏறுவதில்லை. அந்த நாட்களில் அங்கே நானும் பொம்பர் வந்த திகதி, நேரம் எல்லாம் ஒரு கொப்பியில் எழுதினேன். இடம்பெயர்ந்தபோது அது வீட்டோடு போய்விட்டது.

கீழ்வீட்டு ஜெர்மன் அம்மா பிராவ் கெல்லருக்கு இந்தக் கதை ஒன்றும் தெரியாது. குளிர்காலத்தில் யன்னலைத் திறந்து வீட்டுக்குக் காற்று விடுவதை ஜெர்மன்காரர் ஒரு ஒழுக்கமாகவே வைத்திருக்கிறார்கள். ஒருநாள் படிக்கட்டில் ஜெசிந்தாவின் கையைப் பிடித்து, "உங்களைப் போலக் காற்று விடத் தெரிந்த வெளிநாட்டவரை நான் கண்டதில்லை" என்று பாராட்டினார். விளங்கப்படுத்த நான் வாயைத் திறந்தேன். என் ஜெர்மன் அந்தளவுக்குப் போதாது. மனைவி சிரித்துக்கொண்டு "டாங்க" என்று நன்றி சொன்னாள்.

போன இலையுதிர்காலத்தில் பயிற்சிப் பறப்புகள் கூடின. அவளுக்கு நித்திரை குறைந்தது. கறிக்கு உப்பு இரண்டு தரம் விழுந்தது. "ஈஸ்ரர் வரைக்கும் பாப்பன். பிறகு ஹம்முக்கு அக்கா வீட்டை போயிடுவன்" என்றாள். ஈஸ்ரருக்குப் பிறகுதான் மகள் றொசானாவுக்கு அபிடூர், பள்ளிக்கூடத்தின் கடைசிச் சோதனை.

"போங்கோ அம்மா. நான் அப்பா காச்சிற சோத்தைத் திண்டு பெயில் விடுறன்" என்றாள் மகள். நாங்கள் ஒருவரும் சிரிக்கவில்லை.

சத்தம் தடுக்கும் யன்னல் கேட்டு அரசாங்கத்துக்கு அன்ட்ராக், விண்ணப்பம், போட்டேன். வந்த அதிகாரி என் கொப்பியை ஒற்றை ஒற்றையாகப் புரட்டினார். "மிகவும் ஒழுங்கு" என்றார். படிவத்தில் கட்டங்கள் இருந்தன: நித்திரைக்கு இடைஞ்சலா, பேச்சுக்கா, தொலைக்காட்சிக்கா. என் மனைவி யன்னல் திறப்பதை எந்தக் கட்டத்தில் எழுதுவது என்று கேட்டேன்.

"மூடியிருக்கும்போது சத்தம் எவ்வளவு?" என்றார் அவர்.

"மூடியிருப்பதே இல்லை."

அவர் யோசித்துவிட்டு, 'குடியிருப்பாளர் நன்கு காற்றோட்டம் விடுகிறார்' என்று எழுதினார். எனக்குப் பத்திக்கொண்டு வந்தது.

பங்குனியில் புது யன்னல்கள் பொருத்தினார்கள். மூன்று அடுக்குக் கண்ணாடி. கூடவந்த தாளில் 'மூடியிருந்தால் மட்டுமே பயன் தரும்' என்று தடித்த எழுத்தில் இருந்தது. செவ்வாய்க்கிழமை காலை 10.42க்கு முதல் விமானம் போனது. தொட்டியில் மீன் போவதுபோல, சத்தமே இல்லை. வென்றுவிட்டேன் என்ற நினைப்பில் திரும்பினேன். ஜெசிந்தா அகப்பையோடு வெளிறிப்போய் நின்றாள்.

"சத்தம் எங்கை?"

"அதைத்தானே நிப்பாட்டியிருக்கு."

"சத்தம் இல்லாட்டி அது போகுதோ, திரும்பி வருதோ எண்டு என்னெண்டு தெரியும்?" என்றபடி யன்னலை அகலத் திறந்தாள்.

கத்திவிட்டேன். "ஒண்டரை வருசம் எழுதினனான்! இது ஜெர்மனி! இஞ்சை ஒருத்தரும் குண்டு போடமாட்டாங்கள்!"

"போடமாட்டாங்கள் எண்டு எனக்கும் தெரியும். எண்டாலும் கேக்கவேணும்."

ஈஸ்ரருக்கு அவள் ஹம்முக்குப் போனாள். பெட்டியைப் பார்த்தபோது பத்து நாட்களுக்குக் குறையாது என்று நினைத்தேன். மூன்றாம் நாளே ரயிலேறிவிட்டாள். ஸ்ரேசனில் பெட்டியை வாங்கிக்கொண்டே, "என்ன, அக்காவோட சண்டையோ?" என்றேன்.

"இல்லை. அங்கை வானம் பேசாமல் கிடக்குது. எந்த நேரம் வருமெண்டு ஒண்டும் தெரியேல்லை. இஞ்சையெண்டால் உங்கடை கொப்பி இருக்குது."

எனக்கு வந்த கோபத்தை யார்மேல் காட்டுவது? சத்தத்தை ஒழிக்க எழுதிய கொப்பி அவளுக்கு நேரசூசியாகிவிட்டது.

மகள் காதில் பஞ்சு வைத்துப் படித்துச் சோதனை எழுதினாள். முடிவுக்குக் காத்திருக்கிறோம். இப்போது தினமும் பன்னிரண்டரை ஆனதும் ஜெசிந்தா தானாகவே யன்னல்களை மூடுகிறாள். அந்த ஒரு மணித்தியாலத்துக்கு வீடு அமைதியாக, வெதுவெதுப்பாக, அதிகாரி விரும்பியபடியே இருக்கிறது. எனக்குப் பின்னேர வேலை உள்ள நாட்களில் மூன்று பேரும் சேர்ந்து சாப்பிடுகிறோம். றொசானா பகிடி விடுவாள், தாய் சிரிப்பாள். ஒன்று இருபத்தெட்டுக்கு ஜெசிந்தா கையைக் கழுவிவிட்டுப் போய் யன்னல் பிடியைப் பிடித்தபடி நிற்பாள். நான் சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி வைத்துவிட்டுக் கொப்பியைத் திறப்பேன்.