அழிப்பதற்கு முன் கேட்கச் சொன்னவர்

கோமதிநாயகம் போய்விட்டார் என்று அவர் மகள் போனில் சொன்னபோது டெல்லி ஐ.என்.ஏ. மார்க்கெட்டில் அப்பளம் வாங்கிக்கொண்டிருந்தேன். தூக்கத்திலேயே உயிர் பிரிந்ததாம். கடைக்காரர் பையை நீட்டியபடி “லீஜியே, பாய்சாப்” என்றார். எனக்கு வாங்கக் கை வரவில்லை.

நம்மில் பலருக்கு அவரைத் தெரிந்ததே கம்ப்யூட்டரால்தான். மத்திய அரசுப் பணியிலிருந்து ஓய்வு பெற்று, லக்ஷ்மிபாய் நகரில் மகளின் குவார்ட்டர்ஸில் இருந்த திருநெல்வேலிக்காரர். பழைய கம்ப்யூட்டரைத் தூக்கிப் போடப் போகிறேன் என்று யாராவது வாயைத் திறந்தால் போதும், பழைய கம்ப்யூட்டரையும் ஓடவைக்கும் இலவச ஆப்பரேட்டிங் சிஸ்டமான லினக்ஸ் இருக்கும் பென்டிரைவோடு மறுநாளே வாசலில் நிற்பார். வேண்டாம் என்றாலும் விடமாட்டார், நல்ல பிடிவாதக்காரர்.

ஆனால் மௌஸைத் தொடமாட்டார். வீட்டுக்காரர்தான் எல்லாவற்றையும் அழுத்த வேண்டும். நீங்களே செய்துவிடுங்களேன் என்று நான் கெஞ்சிப் பார்த்தேன். “உம்ம வீட்டு கிரகப்பிரவேசத்துக்கு நானா வே பால் காய்ச்ச முடியும்?” என்று கேட்டுவிட்டுக் காபியைக் குடித்தார்.

முதலில் பென்டிரைவிலிருந்தே லினக்ஸை ஓட்டிப் பார்க்கச் சொல்வார். கம்ப்யூட்டரில் எதுவும் மாறாது. பிடித்தால் மட்டும் நிரந்தரமாக ஏற்றிக்கொள்ளலாம். குடியிருந்து பார்த்துவிட்டு அட்வான்ஸ் கொடுக்கிற மாதிரி என்பார். நானும் சில நாள் குடியிருந்து பார்த்தேன். முக்கி முனகிக்கொண்டிருந்த என் கம்ப்யூட்டர் சொன்ன பேச்சைக் கேட்டது.

என் பயம் வேறு. வெளிநாட்டில் பிரசவத்துக்குக் காத்திருந்த எங்கள் மகளுக்காக என் மனைவி சரோஜா பாடிப் பதிந்த தாலாட்டுகள் அதில் இருந்தன. எல்லாம் முடித்து அனுப்பலாம் என்றிருந்தவள் அதற்குள் போய்விட்டாள். அவற்றைத் திறக்கவோ அனுப்பவோ எனக்குத் துணிவு வரவில்லை. வேறெங்கும் பிரதி கிடையாது. நிரந்தரமாக ஏற்றினால் கம்ப்யூட்டரில் இருப்பதெல்லாம் அழிந்துவிடும் என்பதால், பாட்டுகளை இன்னொரு பென்டிரைவில் என்னையே எடுக்கச் சொல்லி, கோமதிநாயகம் அதை வாங்கி வைத்துக்கொண்டார்.

ஏற்றும் நாள் வந்தது. அழிக்கட்டுமா என்று திரை கேட்டது. சரியென்று அழுத்தப் போனேன்.

“நில்லும். அந்தம்மா பாட்ட ஒருக்கா கேட்டுட்டு அழிப்போம்.”

பாட்டு இருந்த பென்டிரைவைத் தன் லேப்டாப்பில் செருகினார். பாட்டு இல்லை, லினக்ஸ் இருந்தது. முந்தின நாள் வேறொருவருக்காக லினக்ஸை எழுதியபோது, இரண்டு பென்டிரைவும் ஒரே மாதிரி இருந்ததால் பாட்டின் மேலேயே எழுதிவிட்டிருக்கிறார். அவர் முகம் வெளுத்துவிட்டது. “உம்ம வீட்டம்மாவ நானே அழிக்கப் பாத்தேனே வே,” என்றார். அன்று எதையும் ஏற்றாமல், கொடுத்த காபியையும் குடிக்காமல் போய்விட்டார். எனக்கு அவர்மேல் கோபம் வரவில்லை.

மறுநாள் புதிய பென்டிரைவோடு வந்தார். அடையாளத்துக்கு அதில் மஞ்சள் கயிறு கட்டியிருந்தது. மீண்டும் பிரதி எடுத்தோம். இரண்டு வரி கேட்டால் போதுமே என்றேன்.

“முழுசாக் கேட்டாத்தான் காப்பி சரின்னு அர்த்தம். ஆராமா, அவசரமில்லாம கேளும்,” என்றார்.

எல்லாத் தாலாட்டையும் என்னோடு உட்கார்ந்து கேட்டார். ஒன்றின் நடுவில் சரோஜா நிறுத்தி, “ஏங்க, ரெக்கார்ட் ஆகுதா இல்லியா?” என்று என்னைக் கேட்கிறாள். நான் உடைந்து அழுதேன். அவர் என் பக்கம் திரும்பாமல் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். அன்று மாலையே பாட்டுகளை மகளுக்கு அனுப்பினேன். கம்ப்யூட்டரில் லினக்ஸும் ஏறியது.

அதன்பின் புதிதாகக் கற்க வந்த ஒவ்வொருவரிடமும் தான் செய்த பிழையைத்தான் அவர் முதல் பாடமாகச் சொன்னார். உங்களிடமும் சொல்லியிருப்பார்.

பிரதி எடுத்ததாலேயே ஒன்று பத்திரமாக இருக்கிறது என்று நான் இப்போது நம்புவதில்லை. திறந்து, முழுவதும் கேட்கிறேன். அவரிடமிருந்து எனக்கு வந்த பழக்கம் அது. சரோஜா பார்க்காத பேத்தி அவள் தாலாட்டில்தான் தூங்குகிறாள். கோமதிநாயகத்தின் குரலைத்தான் நம்மில் ஒருவரும் பதிந்து வைக்கவில்லை.