பெருவிரலில் பொங்கிய நுரை

வயலில் வரம்பு கட்டும்போது பழைய துருக்கம்பியொன்று என் வலது கால் பெருவிரலில் ஏறியது. துருவுக்குப் போடும் ஏற்புவலி ஊசி போட்டேன், பிளாஸ்டர் ஒட்டினேன், மறந்துவிட்டேன். எனக்குச் சலரோகம் என்ற சீனி வியாதி இருப்பதை விரல் மறக்கவில்லை. ஐந்தாம் நாள் வீங்கிச் சீழ் கட்டியது.

உடனே என் மனதில் கால் போய்விட்டது. விசுவமடுச் சந்தையில் ஒற்றைச் செருப்பு தருவார்களா என்பதுவரை யோசித்துவிட்டேன். மனைவியிடம் சொல்வதை மட்டும் யோசிக்கவில்லை. மருந்துக்கடையில் புண் கழுவும் ஐதரசன் பேரொட்சைட்டு வாங்கி, கிணற்றடியில் ஒளித்துவைத்து, நாளுக்கு மூன்று தடவை ஊற்றினேன். வெள்ளையாகப் பொங்கியது. கிருமிகள் கத்துவதாக நினைத்தேன். கத்தியது நான்தான்.

ஊற்றத் தொடங்கிய மூன்றாம் நாள் மனைவி பிடித்துவிட்டாள். உயர்தர வகுப்புக்கு உயிரியல் படிப்பிப்பவள்.

"இஞ்சாருங்கோ, அங்க என்ன செய்யிறியள்?"

"கால் கழுவிறன்."

"கால் கழுவினா நுரைக்குமோ? காட்டுங்கோ பாப்பம்."

குனிந்து, விடைத்தாள் பார்ப்பதுபோல் பார்த்தாள்.

"கால் போயிடுமோ?"

"வாய் போனாலும் கால் போகாது. ஆனா இப்பவே ஆஸ்பத்திரிக்கு வெளிக்கிடுங்கோ."

ஓட்டோவில் பாடம் நடந்தது. "வெண்குருதிக் கலத்தைச் சுத்தியிருக்கிற மென்சவ்வு கொழுப்பால ஆனது. கிருமி வந்து முட்டினா, அந்தக் கொழுப்பில ஒரு துண்டு வெட்டுப்பட்டு உள்ளுக்க தகவல் கொண்டுபோகும். நித்திரையில கிடக்கிற ஒரு நொதியத்தைத் தட்டி எழுப்பும். அது ஒட்சிசனைப் பிடிச்சு, கடைசியில நீங்கள் ஊத்தின அதே பேரொட்சைட்டு உண்டாகும். கிருமி சாகும்."

"அப்ப ஒரு போத்தில் வீணோ?"

"வீணெண்டாலும் பரவாயில்லை. ஊத்தி ஊத்தி ஆற வந்த தோலையும் எரிச்சுப்போட்டியள்."

"தட்டியும் அது எழும்பாட்டி?"

"ரத்தத்தில சீனி கூடினா அப்பிடித்தான், மந்தமாப்போகும். நீங்கள்தான் சீனியை விட்டிட்டியளே."

"ஓம், விட்டிட்டன்."

பொய்யில்லை. பாலில்லாத என் பிளேன்ரீயில் சீனியும் கிடையாது. பனங்கட்டியைக் கடித்துக்கொண்டு குடிப்பேன். பனையில் வருவது சீனியாகாது என்பது எங்கள் பக்கத்தில் பலருடைய கொள்கை. நான் அதன் தீவிரத் தொண்டன்.

இரத்தப் பரிசோதனையைப் பார்த்த வைத்தியர் என்னைப் பார்க்கவில்லை, மனைவியைப் பார்த்தார். சீனி இறங்கினால் விரல் தப்பும் என்றார். திரும்பி வரும்போது அவள் பரிசோதனைத் தாளை மடித்து, விரித்து, மறுபடியும் வாசித்தாள். கம்பி ஏறியபோதுகூட நான் அப்படிப் பயப்படவில்லை.

வீட்டுக்கு வந்ததும், உரப் பைக்குப் பின்னால் ஒளித்திருந்த பனங்கட்டிக் குட்டானை எடுத்து, அந்தச் சின்ன ஓலைப்பெட்டியை அப்படியே அவள் கையில் கொடுத்தேன்.

"நீர் பள்ளிக்கூடம் போனாப் பிறகு... ஒவ்வொரு நாளும் ரெண்டு மூண்டு துண்டு."

அவளுடைய கண் கலங்கியது. "உங்களுக்காக உள்ளுக்க அத்தினை சீவன் பாடுபடுது. நீங்கள் அதுகளுக்கு நித்திரைக் குளிசை குடுக்கிறியள்."



விடிய, பள்ளிக்கூடம் போகமுதல், என் காலை மடியில் வைத்துக் கட்டு மாற்றினாள். பிறகு இரண்டு பிளேன்ரீ கொண்டுவந்தாள். அவளும் பனங்கட்டி இல்லாமல் குடிக்காதவள், சலரோகம் எனக்குத்தான். நான் ஓரக்கண்ணால் பார்த்தேன். உள்ளங்கையை விரித்துக் காட்டினாள். வெறுங்கை.

"என்னப்பா பாக்கிறியள்? குடியுங்கோ."

இருவரும் ஒரு மிடறு குடித்து, ஒரேமாதிரி முகம் சுளித்தோம். விரல் இன்னும் இருக்கிறது.